மின்சாரமும் பெட்ரோலும் ஒருசேர நின்றால்

தம்பி, மற்றவர்களுக்கும் விளங்கும்படி உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சென்ற மாதம் விடியற்காலையில் அடித்த புயல்காற்றில் தோட்டத்துச் சாலை நெடுக மரங்கள் சாய்ந்து, உங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) மூன்று இரவுகள் மின்சாரம் இல்லாமல் போனது. பட்டணத்தில் இருக்கும் ஒரே பெட்ரோல் நிலையம் முதல் நாள் மூடிக் கிடந்தது. மறுநாள் திறந்தபோது வரிசை பழைய ரப்பர் ஆலை வரைக்கும் நீண்டிருந்தது; உங்கள் முறை வருவதற்குள் எண்ணெய் தீர்ந்துவிட்டது. வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்ளும் அம்மாவும் ஐந்து மாதக் குழந்தையும் இருக்கிறார்கள். இனிமேல் இப்படித் தவிக்கக் கூடாது என்பதற்காக 5 கிலோவாட் ஜெனரேட்டர் ஒன்றை வாங்கி, வீட்டில் 40 லிட்டர் பெட்ரோலும் சேர்த்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள்.

நான் நாற்பது ஆண்டுகள் வயர்மேனாகவும், பிறகு செம்பனை ஆலை ஒன்றில் மின்சாரத்துக்குப் பொறுப்பான சார்ஜ்மேனாகவும் வேலை பார்த்தவன். என் பதில் இதுதான்: அந்த ஜெனரேட்டரை வாங்காதீர்கள், 40 லிட்டரை வீட்டில் வைக்கவே வைக்காதீர்கள். உங்கள் கவலையை நான் சிறிதாக நினைக்கவில்லை. கைக்குழந்தை வியர்த்து அழும் இரவில் என்ன விலை கொடுத்தாவது ஒரு காற்றாடி சுற்றினால் போதும் என்றுதான் எந்தத் தகப்பனுக்கும் தோன்றும். ஆனால் நீங்கள் வாங்க நினைக்கும் இயந்திரம், எந்தப் பொருள் கிடைக்காமல் தவித்தீர்களோ அதே பொருளைக் குடித்துத்தான் ஓடும். அதனால் பெட்ரோல் ஏன் கிடைக்காமல் போகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

மின்தடை ஒரு துன்பம், பெட்ரோல் தட்டுப்பாடு இன்னொரு துன்பம் என்று நாம் தனித்தனியாக நினைக்கிறோம். பெரும்பாலும் இரண்டும் ஒன்றுதான். நிலையத்தின் பெட்ரோல் நிலத்தடித் தொட்டியில் இருக்கிறது. அதை மேலே ஏற்றுவது மின்சாரப் பம்பு. மின்சாரம் நின்றால் தொட்டி நிறைய எண்ணெய் இருந்தாலும் ஒரு சொட்டு வராது. இப்போது பணம் கட்டும் கருவிக்கும், 2025 செப்டம்பர் இறுதியில் பூடி95 என்னும் பெட்ரோல் உதவித்தொகைத் திட்டம் தொடங்கியதிலிருந்து மைகாட் அடையாள அட்டையைச் சரிபார்க்கும் முறைக்கும் இணையத் தொடர்பு வேண்டும். தொலைத்தொடர்புக் கோபுரங்களோ மின்சாரம் போனபின் பேட்டரியில் சில மணி நேரம்தான் தாக்குப்பிடிக்கும்; அதன்பின் அவற்றுக்கும் டீசல் ஜெனரேட்டர் வேண்டும். சாலையில் மரம் கிடந்தால் எண்ணெய் டேங்கர் லாரி வராது. இவ்வளவுக்கும் மேலே, தொட்டியில் பாதி எண்ணெய் இருப்பவர்கள்கூட எதற்கும் இருக்கட்டும் என்று வரிசையில் வந்து நிற்கிறார்கள். மூன்று நாளுக்கு வரவேண்டிய எண்ணெய் மூன்று மணி நேரத்தில் காலியாகிவிடுகிறது.

இது நம்மைப் போன்ற சிறிய பட்டணங்களுக்கு மட்டும் வரும் கதையன்று. 2012 அக்டோபர் 29-ஆம் தேதி சாண்டி புயல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி கரையைத் தாக்கியபோது, எவ்வளவோ வசதி படைத்த அந்த மாநிலத்தில் பல நிலையங்கள் எண்ணெய் இருந்தும் மின்சாரம் இல்லாததால் விற்க முடியாமல் நின்றன. வரிசைகள் கட்டுக்கடங்காமல் போகவே, வாகன எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்து ஒன்றுவிட்டொரு நாள் பெட்ரோல் போடும் முறையை அங்கே 12 வட்டாரங்களில் கொண்டுவந்தார்கள். சில நாள்களில் நியூயார்க் நகரமும் அதையே செய்தது. புளோரிடா மாநிலம் அதற்கு முன்பே, 2004, 2005 ஆம் ஆண்டுகளின் சூறாவளிகளில் பட்ட பாட்டிற்குப் பிறகு, புதிதாகக் கட்டும் நிலையங்களில் ஜெனரேட்டரை இணைக்கும் வயரிங்கும், ஊர் மின்சாரத்திலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்சும் இருக்க வேண்டும் என்று 2006-இல் சட்டமே இயற்றியது. நம் பட்டணத்து நிலைய உரிமையாளரிடம் கேட்டுப் பெற வேண்டியதும் இந்த ஒரு மாற்றுச் சுவிட்சைத்தான். ஒரு நிலையத்தில் ஒரு ஜெனரேட்டர் ஓடினால், ஐந்நூறு வீட்டில் எண்ணெயைப் பதுக்கி வைக்கும் தேவை இருக்காது.

இந்தப் புயல் ஒருமுறை வந்தது, இனி வராது என்றும் எண்ண வேண்டாம். மலேசியத் தீபகற்பத்தை முழுப் புயல் தாக்குவது அரிது. 2001 டிசம்பர் 27-ஆம் தேதி வாமெய் புயல் ஜொகூரின் தென்கிழக்கில் கரையேறியபோது, நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் புயல் உருவாகுமா என்று உலகமே வியந்தது. ஆனால் மேற்குக் கரையோரத்தில் இருக்கும் நமக்குச் சேதம் செய்வது பெரும்பாலும் அதுவன்று. மலாக்கா நீரிணையைத் தாண்டி விடியற்காலையில் அணிவகுத்து வரும் சுமத்ரா காற்றும், பருவமழை மாறும் மாதங்களில் பின்னேரத்தில் இடியோடு அடிக்கும் பேய்க்காற்றும்தான். அரைமணி நேரம்தான் அடிக்கும். தோட்டப்புறத்தில் அந்த அரைமணி போதும். மின்கம்பிகள் செம்பனைக்கும் பால் மரத்துக்கும் (ரப்பர் மரத்துக்கும்) நடுவே மைல் கணக்கில் ஓடுகின்றன. வயதான பால் மரத்தின் கிளை முறிவதற்குப் பெரிய காற்று வேண்டியதில்லை. மருத்துவமனை, நீர்ச் சுத்திகரிப்பு நிலையம், நகர மையம் என்று பழுது பார்த்துவிட்டுக் கடைசியாகத்தான் கம்பியின் கோடியில் இருக்கும் நம்மிடம் வருவார்கள். அது ஓரவஞ்சனை இல்லை. அதிகம் பேருக்குப் பயன்படும் கம்பியை முதலில் சரிசெய்வது எல்லா நாட்டிலும் உள்ள முறை. ஆகவே நம் கணக்கில் மூன்று நாள் என்று வைத்துக்கொள்வதே நேர்மையானது.

நான் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் பிறந்தவன். அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்துக்கு வெளியிலிருந்து மின்சாரம் வரவில்லை. எஞ்சின் ரூமில் ஒரு டீசல் எஞ்சின் இருந்தது. மாலை ஆறு மணிக்கு அதைக் கிளப்புவார்கள். டொக் டொக் என்ற ஓசை லயம் முழுவதும் கேட்கும். பத்து மணிக்கு விளக்கு ஒருமுறை மங்கி எரியும். இன்னும் ஐந்து நிமிடத்தில் நிறுத்தப் போகிறோம் என்பதற்கு அடையாளம். அந்த நான்கு மணி நேரத்திற்குள் பிள்ளைகள் படிப்பார்கள், அம்மாமார் மறுநாள் சட்டையைத் தேய்ப்பார்கள், வானொலி கேட்பார்கள். பத்து மணிக்குப் பிறகு யாரும் இருட்டில் தவித்ததாக எனக்கு நினைவில்லை, ஏனென்றால் மின்சாரத்துக்கு உரிய வேலையை எல்லாரும் அதற்குரிய நேரத்தில் முடித்திருந்தார்கள். பேரிடர்க் காலத்தில் நாம் திரும்பப் பிடிக்க வேண்டியது இந்த முறையைத்தான். நாள் முழுவதும் மின்சாரம் வேண்டும் என்று ஓடினால் எவ்வளவு எண்ணெயும் பற்றாது. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் என்று வகுத்துக்கொண்டால் கொஞ்ச எண்ணெயே போதும்.

கணக்கைப் பாருங்கள். 5 கிலோவாட் பெட்ரோல் ஜெனரேட்டர் பாதிச் சுமையில் ஓடினால் மணிக்கு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் குடிக்கும். இரவு பத்து மணி நேரம் ஓட்டினால் 15 முதல் 20 லிட்டர். உங்கள் 40 லிட்டர் இரண்டு இரவில் தீர்ந்துவிடும்; போன மாதத் தடையோ மூன்று இரவு. சுமையைக் குறைத்து இரண்டு விளக்கும் ஒரு காற்றாடியும் மட்டும் போட்டாலும் எண்ணெய் அதே அளவில் குறையாது. ஏனென்றால் சாதாரண ஜெனரேட்டர் 50 ஹெர்ட்ஸ் தருவதற்காக, சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றியே ஆக வேண்டும். நூறு வாட் காற்றாடிக்காக ஒரு பெரிய எஞ்சின் வெறுமனே எண்ணெயை எரித்துக்கொண்டிருக்கும். அதே 40 லிட்டரைக் கப்சாய் என்னும் சிறிய மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றினால், லிட்டருக்கு 40 கிலோமீட்டர் என்று வைத்தாலும் 1,600 கிலோமீட்டர் ஓடும். வடக்கு எல்லையில் இருக்கும் புக்கிட் காயு ஹீத்தாமிலிருந்து தெற்குக் கோடியில் இருக்கும் ஜொகூர்பாரு வரை நெடுஞ்சாலையில் போய்த் திரும்பிவிடலாம். அம்மாவை கிளினிக்குக்குக் கூட்டிப்போக, பால்மாவு வாங்கிவர, வேலைக்குப் போக, மூன்று நாளில் மோட்டாருக்கு நான்கு லிட்டர்கூடத் தேவைப்படாது. எண்ணெய் தட்டுப்பாடான நாளில் ஒவ்வொரு லிட்டரையும் முதலில் மோட்டாரில் வைத்து எண்ணிப் பாருங்கள். வீணாவது எங்கே என்று உடனே தெரிந்துவிடும். வீணாகும் இன்னோர் இடம் கார். கைப்பேசிக்கு சார்ஜ் போடுகிறேன் என்று ஏர்கோன் போட்டுக்கொண்டு நின்ற காரில் எஞ்சினை ஓட்டுவது மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டரைத் தின்றுவிடும்.

இரவில் உங்கள் வீட்டுக்கு உண்மையில் என்ன வேண்டும்? குழந்தைக்கும் அம்மாவுக்கும் ஆளுக்கொரு காற்றாடி, இரண்டு விளக்கு, கைப்பேசிகள். மேற்கூரைக் காற்றாடி 60, 75 வாட் இழுக்கும். ஆனால் பேட்டரியில் ஓடும் சிறிய டிசி மேசைக் காற்றாடி 15 வாட்டில் தாராளமாக வீசும். அப்படி இரண்டு காற்றாடி ஒன்பது மணி நேரம் ஓடினால் 270 வாட் மணி. 5 வாட் எல்இடி விளக்கு இரண்டு ஐந்து மணி நேரம் எரிந்தால் 50. நான்கு கைப்பேசிக்கு 60. மொத்தம் 380. 500 வாட் மணி கொள்ளும் ஒரு லித்தியம் பேட்டரிப் பெட்டி இதைச் சத்தமும் புகையும் இல்லாமல் தந்துவிடும். அதை மறுநாள் நிரப்ப 100 வாட் சூரியத் தகடு ஒன்று, நல்ல வெயில் நாளில் 300 முதல் 400 வாட் மணி கொடுக்கும். புயலுக்கு மறுநாள் மேகமாக இருந்தால் அதில் பாதிகூடக் கிடைக்காது. அப்போதுதான், பின்னால் நான் சொல்லும் பொது ஜெனரேட்டரின் இரண்டு மணி நேரம் கைகொடுக்க வேண்டும். ஜெனரேட்டருக்கென்று நீங்கள் ஒதுக்கிய பணத்தை இந்தப் பெட்டியிலும் தகட்டிலும் போடுங்கள் என்பதே என் யோசனை. கார் பேட்டரியைக் கழற்றி விளக்கு எரிப்பவர்களும் உண்டு. அதில் பாதிக்கு மேல் இறக்கினால் காலையில் கார் கிளம்பாது. பேட்டரியும் விரைவில் செத்துவிடும்.

அம்மாவின் இன்சுலினைப் பற்றி நீங்கள் பயப்படும் அளவுக்குப் பயம் வேண்டாம். திறந்து பயன்படுத்தத் தொடங்கிய பேனாவோ குப்பியோ பெரும்பாலான வகைகளில் 30 பாகை செல்சியசுக்குக் கீழே ஏறக்குறைய நான்கு வாரம் கெடாது. உங்கள் அம்மாவினுடைய வகைக்கு எத்தனை நாள் என்று உள்ளிருக்கும் தாளிலேயே போட்டிருக்கும், கிளினிக்கின் மருந்தாளரும் சொல்வார். சிக்கல் என்னவென்றால், நம் ஊரில் பகலில் வீட்டுக்குள்ளேயே 32, 33 பாகை ஏறிவிடும். ஒரு சிறிய மண்பானையைப் பெரிய மண்பானைக்குள் வைத்து, இடையில் மணலைக் கொட்டி நனைத்து, ஈரத்துணியால் மூடிக் காற்றோட்டமான நிழலில் வையுங்கள். மருந்தைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி உள்ளே வையுங்கள். நம் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் வறண்ட நாடுகளில் குளிர்வதுபோல் குளிராது. ஆனாலும் சில பாகை குறையும், அந்தச் சில பாகைதான் நமக்கு வேண்டும். பதற்றத்தில் ஐஸ் கட்டியோடு ஒட்டி வைத்துவிடாதீர்கள். உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது. வெப்பத்தைவிட இதனால் கெட்ட மருந்தையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். திறக்காத குப்பிகள் ஐஸ்பெட்டியின் (குளிர்சாதனப் பெட்டியின்) கதவை மூடியே வைத்திருந்தால் முதல் நாள் தாங்கும். அதன்பின் மின்சாரம் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்கோ கிளினிக்குக்கோ கொண்டுபோய்க் கொடுங்கள். உயிர்வாயுக் கருவியில் இருப்பவர் வீட்டில் இருந்தால் கதையே வேறு. அவர்கள் மழைக்காலத்துக்கு முன்பே மருத்துவமனையில் பேசி உருளைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஐஸ்பெட்டி திறக்காமல் இருந்தால் சுமார் நான்கு மணி நேரம் குளிரைக் காக்கும். நிறைந்த உறைபெட்டி இரண்டு நாள், பாதி நிறைந்தது ஒரு நாள். வெறும் இடத்தில் தண்ணீர் பாட்டில்களை உறையவைத்து நிரப்பிவிடுவது நாளும் செய்யத்தக்க பழக்கம். தடை வந்தால் அவையே உங்கள் ஐஸ். குழந்தையின் பாலைக் கரைத்து வைக்காதீர்கள். கொதித்த நீரைப் பிளாஸ்கில் வைத்து, வேண்டும்போது கலந்து கொடுத்து, இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனதைக் கொட்டிவிடுங்கள்.

சமையலில் இன்றைய வீடுகள் ஒரு பலவீனத்தை வளர்த்துக்கொண்டுவிட்டன: ரைஸ் குக்கர் இல்லாமல் சோறாக்கத் தெரியாத இளம் குடும்பங்கள் இருக்கின்றன. பானையில் வடிக்கப் பழகிக்கொள்ளுங்கள். 14 கிலோ கேஸ் தோம்பு (சிலிண்டர்) ஒன்று மாற்றுக்கு எப்போதும் நிறைந்து இருக்கட்டும், ஏனென்றால் தோம்பு கொண்டுவரும் லாரிக்கும் அதே சாலைதான், அதே டீசல்தான். அரிசியையும் பருப்பையும் முன்கூட்டியே ஊறவைத்தால் கேஸ் குறையும். கொதி வந்ததும் அடுப்பை அணைத்து, பானையைக் கனத்த போர்வையில் சுற்றி ஒரு மணி நேரம் விட்டால் பருப்பு தானாகவே குழையும். என் அம்மா விறகு நனைந்துபோன நாள்களில் இதைத்தான் செய்வார். கரி அடுப்பை மட்டும் வீட்டுக்குள் மூட்டாதீர்கள்.

அதன் காரணம்தான் நான் மிகவும் அழுத்திச் சொல்ல வேண்டியது. கரியும் பெட்ரோலும் எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் உயிர்வாயு ஏறும் இடத்தை அது அதைவிட இருநூறு மடங்குக்கு மேலான பிடிப்போடு பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு தூக்கம், தூங்கியவர் எழுவதில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை இரவு, லயத்தில் எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருந்தவர்கள் இரவல் ஜெனரேட்டரை நனையக்கூடாது என்று சமையற்கட்டில் வைத்து, பின்கதவை ஒரு சாண் திறந்துவிட்டுத் தூங்கினார்கள். விடியற்காலை பால் வெட்டப் புறப்பட்ட அந்த வீட்டம்மா வாசற்படியில் உட்கார்ந்து வாந்தியெடுப்பதைப் பார்த்துத்தான் நாங்கள் ஓடினோம். உள்ளே பிள்ளைகள் இருவரும் எழுப்ப எழுப்பக் கண்ணைத் திறக்கவில்லை. தூக்கிக்கொண்டுவந்து திண்ணையில் கிடத்தினோம். கூடத்தில் தொங்கிய கூண்டில் இரண்டு காதல் பறவைகளும் அடித்தட்டில் கிடந்தன. பிள்ளைகள் பிழைத்தார்கள். அவர்களில் ஒருவருக்கு இப்போது பேரப்பிள்ளை இருக்கிறது. ஆனால் அந்தக் கூண்டு இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

ஆகவே, ஜெனரேட்டர் யாருடையதாக இருந்தாலும் வீட்டிலிருந்து குறைந்தது ஆறு மீட்டர் தள்ளி, புகைக்குழாய் எந்த வீட்டுச் சன்னலையும் நோக்காதபடி, திறந்தவெளியில் இருக்க வேண்டும். மழைக்குத் தகரத்தைக் கம்பங்களின் மேல் கூரையாகப் போடுங்கள். நான்கு பக்கமும் திறந்திருக்கட்டும். பின்சந்து, கார் நிறுத்தும் முகப்பு, வீட்டு முன்புறத்து ஐந்தடி நடைபாதை ஆகியவை திறந்தவெளி அல்ல. பழைய லயங்கள் பலவற்றில் நடுச்சுவர் கூரைவரை ஏறாது. ஒரு வீட்டின் புகை வரிசை முழுவதும் பரவும். உங்கள் வீட்டில் இல்லாத ஜெனரேட்டரும் உங்கள் குழந்தையைத் தாக்கலாம் என்பதால், பக்கத்து வீட்டாரிடம் இதைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

அடுத்தது வயர். இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒரு வயரைக் கடையில் கட்டிக் கொடுத்து, ஜெனரேட்டரைச் சுவர்ச் சாக்கெட்டில் செருகினால் வீடு முழுவதும் எரியும் என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். எரியும்தான். அதோடு அந்த மின்சாரம் மீட்டரைத் தாண்டி வெளியே போய், தெருக்கோடித் துணைமின்நிலையத்தின் மின்மாற்றியில் தலைகீழாக ஏறி, 230 வோல்ட் 11,000 வோல்ட்டாகிவிடும். மரத்தை வெட்டிக் கம்பியைக் கட்டிக்கொண்டிருக்கும் தெனாகா மின்சார நிறுவன ஊழியர் கம்பி செத்துவிட்டது என்று நம்பித்தான் கையை வைப்பார். என்னோடு வேலை கற்றவர்களில் ஒருவர் இப்படித்தான் கையை இழந்தார். வீடு முழுவதற்கும் கொடுக்கத்தான் வேண்டுமென்றால், எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேனைக் கொண்டு மாற்றுச் சுவிட்ச் பொருத்துங்கள். இல்லையென்றால் ஜெனரேட்டரிலிருந்து நல்ல தடிப்பான நீட்டிப்பு வயரை இழுத்து, சாதனத்தை நேரடியாக அதில் செருகுங்கள். சுருளில் உள்ள வயரை முழுவதும் பிரித்துவிடுங்கள். சுருட்டியபடி சுமையைப் போட்டால் சூடேறி உருகும்.

எண்ணெய் ஊற்றும் முன் எஞ்சினை நிறுத்திக் கால்மணி நேரம் ஆறவிடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாக ஊர்ந்து போகும். மின்சாரம் இல்லாத இரவில் எல்லா வீட்டிலும் மெழுகுவர்த்தி இருக்கிறது, சாமி மேடையில் விளக்கு எரிகிறது. இதனால்தான் 40 லிட்டரை வீட்டில் வைக்க வேண்டாம் என்றேன். பெட்ரோலும் டீசலும் 1961-ஆம் ஆண்டு விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் கட்டுப்பாட்டுப் பொருள்கள். தோம்பில் (தனிக் கலனில்) வாங்குவதற்கு முன் அதற்கான அனுமதி முறையை நிலையத்திலும் உள்நாட்டு வாணிப அமைச்சின் அலுவலகத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள். சேமிப்புக்கு மிக எளிய, சட்டத்துக்கும் உட்பட்ட இடம் உங்கள் வாகனத்தின் தொட்டிதான். அக்டோபர் முதல் ஜனவரி வரை காரிலும் மோட்டாரிலும் தொட்டி பாதிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால், புயலன்று நீங்கள் வரிசையில் நிற்கவே வேண்டாம்; உங்கள் இடத்தில் உண்மையாகவே எண்ணெய் இல்லாத ஒருவர் நிற்பார்.

ஜெனரேட்டரே வேண்டாமா என்றால், ஒரு வீட்டுக்கு ஒன்று வேண்டாம் என்கிறேன். நான்கு வீட்டுக்கு 2 கிலோவாட்டில் ஒன்று போதும். காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம் ஓட்டினால் நாளுக்கு ஏறக்குறைய நான்கு லிட்டர். வீட்டுக்கு ஒரு லிட்டர். அந்த நேரத்தில் நான்கு ஐஸ்பெட்டியும் ஒவ்வொன்றாகக் கிளம்பட்டும், ஏனென்றால் ஐஸ்பெட்டி ஓடும்போது 150 வாட் இழுத்தாலும் கிளம்பும் நொடியில் பல மடங்கு இழுக்கும். பேட்டரிப் பெட்டிகளும் கைப்பேசிகளும் அப்போதே நிரம்பட்டும். யார் எத்தனை லிட்டர் கொடுத்தார் என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவையுங்கள். நல்ல அண்டை வீட்டாரிடையே மனக்கசப்பு வருவது பெரும்பாலும் எழுதாத கணக்கால்தான்.

இன்னும் எளிதான வழி ஒன்று உங்கள் கண்முன்னேயே இருக்கிறது. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்கு ரதத்து விளக்கும் ஒலிபெருக்கியும் போட ஒரு ஜெனரேட்டர் இருக்கும். ஆண்டில் மூன்று நாள் ஓடிவிட்டு மற்ற நாளெல்லாம் தார்ப்பாயில் மூடிக் கிடக்கும். எங்கள் வரிசையில் போன தடவை அதைத்தான் எடுத்தோம். மாலை ஆறு முதல் ஒன்பது வரை கோயில் மண்டபத்தில் சார்ஜ் போடுவதற்கு நீளப் பலகை ஒன்றில் சாக்கெட் வரிசை; பேர் எழுதி ஒட்டிய கைப்பேசிகளும் காற்றாடிகளும் அடுக்கியிருந்தன. மண்டபத்தில் விளக்கு இருந்ததால் பிள்ளைகள் அங்கேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்தார்கள். தமிழகத்தில் 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களைச் சாய்த்தபோதும், ஊர்களில் ஜெனரேட்டரைக் கொண்டுவந்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றித்தான் சமாளித்தார்கள். கோயில் நிர்வாகத்திடம் நீங்கள் இப்போதே பேசுங்கள்: எஞ்சின் எண்ணெய் மாற்றியிருக்கிறதா, பழைய பெட்ரோல் உள்ளே கிடந்து கெட்டிருக்கிறதா என்று பார்த்து, மாதம் ஒருமுறை பத்து நிமிடம் சுமையோடு ஓட்டச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோல் கார்புரேட்டரில் பிசினாகிவிடும். வேண்டிய இரவில் இழுத்து இழுத்துக் கை வலித்ததுதான் மிச்சமாகும்.

அறுந்து விழுந்த கம்பியைப் பார்த்தால் பத்து மீட்டருக்குள் போகாதீர்கள், ஈரத்தரையும் கடத்தும். 15454 எண்ணுக்குத் தெனாகாவைக் கூப்பிட்டு, அருகிலுள்ள கம்பத்தின் எண்ணைச் சொல்லுங்கள். மின்சாரம் போனவுடனேயே ஏர்கோன், வெந்நீர்ச் சாதனம், ஐஸ்பெட்டி ஆகியவற்றின் சுவிட்சை அணைத்துவிட்டு ஒரே ஒரு விளக்கை மட்டும் போட்டு வையுங்கள். அது எரிந்தால் மின்சாரம் வந்துவிட்டது என்று தெரியும். தெரு முழுவதும் எல்லாச் சாதனமும் ஒரே நேரத்தில் கிளம்பினால், இப்போதுதான் கட்டிய கம்பி மறுபடியும் துண்டிக்கப்படும். வந்தபின் ஐந்து நிமிடம் பொறுத்து ஐஸ்பெட்டியைப் போடுங்கள். சாக்கெட் உயரத்துக்கு வெள்ளம் ஏறியிருந்தால் மெயின் சுவிட்சைத் தொடாமல் வயர்மேனை அழையுங்கள்.

உறைபெட்டிக்குள் எப்போதும் ஒரு குவளைத் தண்ணீரை உறையவைத்து, அதன்மேல் 20 சென் காசு ஒன்றை வைத்திருங்கள். மூன்றாம் நாள் திறந்து பார்க்கும்போது காசு மேலேயே இருந்தால் மீனையும் கோழியையும் வைத்துக்கொள்ளலாம். அடியில் கிடந்தால், பனி மீண்டும் உறைந்திருந்தாலும், இடையில் எல்லாம் உருகிவிட்டது என்று பொருள், யோசிக்காமல் எறிந்துவிடுங்கள்.